சிமுலேஷன் விளையாட்டுக்கு எந்தக் கணினி?

பெரும்பாலான கணினி விளையாட்டுகளில் கணினி எவ்வளவு சுமக்க வேண்டும் என்பதை அந்த விளையாட்டை உருவாக்கியவரே தீர்மானித்துவிடுகிறார். ஒரு சண்டை விளையாட்டின் முதல் கட்டம் தடங்கலின்றி ஓடினால், கடைசிக் கட்டமும் ஏறக்குறைய அப்படியே ஓடும். சிமுலேஷன் விளையாட்டில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே நகரத்தை எழுப்புவது நீங்கள். தொழிற்சாலையை விரிப்பது நீங்கள். சாலையில் எத்தனை வண்டிகள், வானத்தில் எத்தனை விமானங்கள் என்று முடிவு செய்வதும் நீங்கள். நூறு வீடுகளோடு தொடங்கிய ஊர் ஒரு லட்சம் பேர் வாழும் நகரமாக வளரும்போது, அத்தனை பேரின் அன்றாடத்தையும் உங்கள் மேசையில் இருக்கும் பெட்டிதான் கணக்கிட வேண்டும்.

ஆகவே கணினி வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எதை விளையாடப் போகிறேன், அதில் என் உலகத்தை எவ்வளவு பெரிதாக்கப் போகிறேன்? இதற்கு விடை தெரியாமல் கடைக்குப் போனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடும். சில சிமுலேஷன்களுக்கு அது சரியான செலவு. பலவற்றுக்கு அந்தப் பணம் பிராசஸருக்கோ ராமுக்கோ போயிருக்க வேண்டும். எந்த விளையாட்டுக்கு எது என்பதை இந்த அத்தியாயம் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

கணக்கிடும் வேலை, வரையும் வேலை

சிமுலேஷன் விளையாட்டு ஓடும்போது கணினி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதல் வேலை, உலகத்தைக் கணக்கிடுவது: எந்தக் குடிமகன் எந்த வேலைக்குப் போகிறான், எந்த லாரி எங்கே திரும்புகிறது, இறக்கையின் மேல் காற்று எவ்வளவு அழுத்துகிறது என்பவை. இது பிராசஸரின் பொறுப்பு. இரண்டாவது வேலை, கணக்கிட்ட உலகத்தைத் திரையில் வரைவது. இது கிராபிக்ஸ் கார்டின் பொறுப்பு.

இந்த இரண்டும் எவ்வளவு தனித்தனியானவை என்பதற்குச் செக் நாட்டின் வூப் சாஃப்ட்வேர் உருவாக்கிய ஃபேக்டோரியோ தெளிவான உதாரணம். அந்த விளையாட்டு தன் உலகத்தை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. தொழிற்சாலை பெரிதாகிப் பிராசஸர் திணறும்போது, வினாடிக்கு 60 என்பது 40 ஆகவோ 30 ஆகவோ குறையும். அப்போது படம் விட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், விளையாட்டின் காலமே மெதுவாகிவிடுகிறது. 30க்கு இறங்கினால் பெல்ட்டுகளும் இயந்திரங்களும் ரயில்களும் பாதி வேகத்தில்தான் நகரும். சந்தையில் இருப்பதிலேயே சிறந்த கிராபிக்ஸ் கார்டை மாட்டினாலும் இந்த மந்தம் தீராது.

பிராசஸர் என்றதும், தனித்தனியாகக் கணக்கிடும் அதன் பகுதிகளான கோர்கள் அதிகம் இருந்தால் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். சிமுலேஷனில் இது பாதி உண்மை. ஒரு கணக்கின் விடை வந்த பிறகே அடுத்த கணக்கைத் தொடங்க முடியும் என்றால், அந்த இரண்டையும் இரு கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. பிரிக்க முடியாத பகுதி எவ்வளவோ, அவ்வளவுதான் மொத்த வேகத்துக்கு எல்லை என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே விளக்கினார். அதனால்தான் மெதுவான 16 கோர்களைவிட வேகமான 6 அல்லது 8 கோர்கள் பல சிமுலேஷன்களுக்குக் கைகொடுக்கின்றன.

அடுத்து பார்க்க வேண்டியது கேஷ் எனப்படும் உள்நினைவு. ஆயிரக்கணக்கான குடிமக்கள், இயந்திரங்கள் பற்றிய தகவல்களைப் பிராசஸர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் ராம் வரை போய்வந்தால் நேரம் வீணாகும். தாளிக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருப்பதற்கும், ஒவ்வொரு சிட்டிகைக்கும் உக்கிராண அறைக்கு நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7 5800 எக்ஸ் பிராசஸரில் 32 எம்.பி. எல்3 கேஷ் இருந்தது. 2022 ஏப்ரலில் வந்த 5800 எக்ஸ்3டி-யில் அது 96 எம்.பி. ஆனது. புதியதன் கடிகார வேகம் பழையதைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனாலும் ஃபேக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவற்றில் அது பழையதைக் கணிசமாக முந்தியது. சிமுலேஷன் ஆடுபவர்கள் எக்ஸ்3டி வகைப் பிராசஸர்களைத் தேடி வாங்குவதற்கு இதுவே காரணம்.

ராம், டிஸ்க் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராம் போதவில்லை என்றால் விளையாட்டு மெல்ல ஓடுவதோடு நிற்காது. நடுவில் உறையும், சில நேரம் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரே 16 ஜி.பி. பட்டையைவிட இரண்டு 8 ஜி.பி. பட்டைகள் மேல், இரண்டு வழியாகத் தகவல் பாய்வதால் வேகம் கூடும். ஹார்டு டிஸ்க்கில் இன்றைய சிமுலேஷன்களை ஓட்ட வேண்டாம். நகரும்போதெல்லாம் புதிய நிலப்பரப்பை ஏற்ற வேண்டியிருப்பதால் எஸ்.எஸ்.டி. கட்டாயம்.

நகரமும் தொழிற்சாலையும்: பிராசஸருக்கு முதலிடம்

1989-ல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி, மக்களைத் தனித்தனியாகக் கணக்கிடவில்லை. ஒரு கட்டத்தில் எவ்வளவு நெரிசல், எவ்வளவு குற்றம், நிலத்துக்கு என்ன மதிப்பு என்று பகுதி பகுதியாகவே கணக்கிட்டது. அதனால் அன்றைய சிறிய கணினிகளிலும் ஓடியது. பின்னால் வந்த விளையாட்டுகள் ஒவ்வொரு குடிமகனையும் தனி ஆளாகப் பின்தொடரத் தொடங்கின. 2013-ல் வந்த சிம்சிட்டி அப்படிச் செய்தபோது ஒரு நகரத்தின் பரப்பை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சதுரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்கள் அதைப் பெரிய குறையாகக் கருதினார்கள்.

பின்லாந்தின் கொலோசல் ஆர்டர் உருவாக்கி 2015 மார்ச்சில் வெளிவந்த சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் பரந்த நிலத்தைக் கொடுத்தது. அதற்கு ஈடாக ஒரே நேரத்தில் நடமாடும் ஆட்களுக்கு 65,536, வண்டிகளுக்கு 16,384 என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டது. சாதாரணக் கணினியில் ஊர் சிறியதாக இருக்கும்வரை எல்லாம் நன்றாக ஓடும். மக்கள்தொகை ஏற ஏற வேகம் இறங்கும். அதன் அடுத்த பாகம் 2023 அக்டோபர் 24 அன்று வந்தது. அது எல்லா கோர்களையும் பயன்படுத்தும்படி எழுதப்பட்டது. ஆனால் தொலைவில் இருக்கும் பொருள்களையும் மிகுந்த நுணுக்கத்தோடு வரைந்ததால் வெளியான நாட்களில் கிராபிக்ஸ் கார்டுகள் திணறின. பரிந்துரைத்த கார்டே உயர்ரக ஆர்.டி.எக்ஸ் 3080 என்பதிலிருந்து அதன் பசியை ஊகிக்கலாம். பின்னர் வந்த திருத்தங்கள் நிலைமையைச் சீராக்கினாலும், பெரிய நகரத்துக்கு வலுவான பிராசஸரும் கார்டும் இரண்டுமே வேண்டும் என்பது மாறவில்லை.

இந்த விளையாட்டுகளில் ராம் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முதல் ஸ்கைலைன்ஸ் 16 ஜி.பி. ராமில் நன்றாக ஓடும். ஆனால் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆட்டக்காரர்கள் தம் படைப்புகளைப் பகிரும் வொர்க்ஷாப்பிலிருந்து நூற்றுக்கணக்கான கட்டடங்களையும் வண்டிகளையும் இறக்கிச் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டால் 32 ஜி.பி. வேண்டும். அவை எல்லாம் நகரத்தைத் திறக்கும்போதே ராமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் இந்தக் குடும்பத்தின் இன்னொரு முனை. படம் மிக எளிமை. கணக்கு மிகப் பெரிது. ஒவ்வொரு குள்ளனின் நினைவு, காயம், மனநிலை எல்லாவற்றையும் அது தொடர்கிறது. கோட்டையில் ஆட்கள் பெருகினால் எந்தக் கணினியும் தளரும். அமைப்புகளில் மக்கள்தொகை வரம்பைக் குறைத்து வைப்பதே இதற்கு முதல் மருந்து, செலவும் இல்லை. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமிலும் இதே கதைதான். ஒரு ராக்கெட்டில் சேர்க்கும் பாகங்கள் கூடக் கூட, அதன் இயற்பியலைக் கணக்கிடும் ஒற்றைக் கோர் திணறும்.

விமானம்: எல்லாப் பாகங்களுக்கும் வேலை

புரூஸ் ஆர்ட்விக்கின் ஃப்ளைட் சிமுலேட்டரை மைக்ரோசாஃப்ட் 1982-ல் ஐ.பி.எம். பி.சி.க்காக வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஐ.பி.எம். கணினியைப் பார்த்துச் செய்த பிற நிறுவனப் பெட்டிகள் உண்மையிலேயே ஐ.பி.எம்.மோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க, லோட்டஸ் 1-2-3 மென்பொருளையும் இந்த விமான விளையாட்டையும் ஓட்டிப் பார்ப்பார்கள். வன்பொருளின் எல்லாப் பக்கங்களையும் அது தொட்டது. 40 ஆண்டுகளுக்குப் பிறகும் கணினியைச் சோதிக்க அதே பெயர்தான் பயன்படுகிறது.

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024, குறைந்தது 16 ஜி.பி. ராம் கேட்கிறது, பரிந்துரைப்பது 32, உகந்ததாகச் சொல்வது 64. பெரிய விமான நிலையத்தில் தரையில் நிற்கும்போது பிராசஸர் முழு மூச்சில் இருக்கும். மேகங்களுக்குள் பறக்கும்போது கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் இருக்கும். செயற்கைக்கோள் படத்திலிருந்து உருவாகும் நிலப்பரப்பு இணையம் வழியே வந்துகொண்டே இருக்கும். நிறுவனம் பரிந்துரைக்கும் வேகம் வினாடிக்கு 50 மெகாபிட். தினசரி வரம்புள்ள மொபைல் டேட்டாவை நம்பி இதை வாங்க வேண்டாம்.

இணையம் மெதுவாக உள்ள ஊரில் இருப்பவர்களுக்கு எக்ஸ்-பிளேன் 12 பொருத்தமானது. நிலப்பரப்பை முதலிலேயே டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் காற்றின் விசையைக் கணக்கிடுவது அதன் முறை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வாங்கும் முன் இலவச மாதிரிப் பதிப்பை ஓட்டிப் பார்க்கலாம். கையில் பணமே இல்லை என்றால் ஃப்ளைட்கியர் இருக்கிறது. தன்னார்வலர்கள் உருவாக்கிய முற்றிலும் இலவச மென்பொருள் அது. பழைய கணினியிலும் அமைப்புகளைக் குறைத்து ஓட்டலாம்.

விமானத்தில் ஓர் ஆறுதல் உண்டு. பயணிகள் விமானத்தை ஓட்ட வினாடிக்கு 30 படங்கள் சீராக வந்தாலே போதும். 100 படங்களுக்காகச் செலவு செய்யத் தேவையில்லை. தடுமாறாத 30, ஏறி இறங்கும் 60-ஐவிடக் கண்ணுக்கு இதமானது. ஆகவே படவேகத்துக்கு வரம்பு வைத்துவிட்டு, மிச்சமாகும் திறனைக் காட்சித் தெளிவுக்குக் கொடுங்கள். வி.ஆர். கண்ணாடி அணிந்து பறக்க நினைத்தால் மட்டும் இந்தக் கணக்கு முற்றிலும் மாறும். அங்கே படவேகம் குறைந்தால் தலைசுற்றல் வரும் என்பதால் உயர்ரகக் கார்டு தேவை.

சாலையும் பந்தயமும்: வன்பொருளில் பாதி மேசையின்மேல்

பிராகா நகரின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 இன்றும் கோடிக்கணக்கான கிலோமீட்டர்கள் ஓட்டப்படுகிறது. அதன் பெரிய பலம், எளிய கணினியிலும் ஓடுவது. ஓரளவு புதிய லேப்டாப்பின் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் உள்கிராபிக்ஸே குறைந்த அமைப்பில் இதைத் தாங்கும். செல்பேசியில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடிப் பழகி, நம் ஊர்ப் பேருந்துகளின் வண்ணங்களை அதில் பூசி மகிழ்ந்தவர்கள் கணினிக்கு வரும்போது முதலில் தொடங்க ஏற்ற விளையாட்டு இதுதான்.

ஜெர்மனியின் பீம் என்ஜி டிரைவ் வேறு வகை. வண்டியின் உடலையே நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பிரித்து, மோதும்போது எப்படி வளைகிறது என்று உடனுக்குடன் கணக்கிடுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் அது தனியான கணக்கு ஓட்டத்தை ஒதுக்குகிறது. அதனால் கோர்கள் அதிகம் இருப்பதன் பலனை இங்கே நேரடியாகப் பார்க்கலாம். சாலையில் போக்குவரத்து நிறைந்திருக்க வேண்டும் என்றால் 8 கோர்கள் உள்ள பிராசஸர் எடுங்கள்.

அசெட்டோ கோர்சா, ஐரேசிங் போன்ற பந்தய சிமுலேஷன்களில் படவேகம் முக்கியம். வளைவில் எந்த நொடியில் பிரேக்கை விடுகிறோம் என்பது ஓட்டத்தையே மாற்றும் என்பதால் 60-க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த வகையை நேசிப்பவர்களுக்கு என் திடமான ஆலோசனை: கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்குங்கள். சக்கரம் தரையைப் பிடிப்பதும் வழுக்குவதும் கையில் தெரிந்தால்தான் ஓட்டுதல் கைவரும். விசைப்பலகையில் அது ஒருபோதும் வராது.

எந்தக் கணினியிலும் ஓடுபவை

தி சிம்ஸ் 4, ஃபுட்பால் மேனேஜர், ஃபார்மிங் சிமுலேட்டர் வரிசையின் பழைய பாகங்கள் ஆகியவை நடுத்தர லேப்டாப்புகளில் நன்றாக ஓடும். சிம்ஸ் 4-ன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபர் முதல் இலவசம். இன்னும் எளிய கணினிக்கு ஓப்பன் டி.டி.டி. இருக்கிறது. கிறிஸ் சாயர் 1990-களில் உருவாக்கிய டிரான்ஸ்போர்ட் டைகூனைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தருகிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதிலேயே இதை ஆடலாம். ரயில் தடம் போட்டு, சரக்கு ஏற்றி, லாபம் பார்த்து ஒரு முழு நூற்றாண்டை நடத்தும் ஆழம் அதில் உண்டு. புதிய கணினிக்குப் பணம் சேரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கணினிகளின் வகைகள்

ஸ்டீம் தளம் மாதந்தோறும் தன் பயனர்களின் வன்பொருள் பற்றிய கணக்கை வெளியிடுகிறது. அதில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு ஜி.டி.எக்ஸ் 1060, அதை 2022 இறுதியில் இறக்கியது அதைவிட எளிய ஜி.டி.எக்ஸ் 1650. யூடியூபில் காணும் ஒளிவீசும் பெட்டிகளை வைத்து உங்கள் கணினியை எடைபோட வேண்டாம். உலகம் முழுவதும் மக்கள் ஆடுவது நடுத்தரக் கணினிகளில்தான்.

பழைய அலுவலக டெஸ்க்டாப்: நிறுவனங்கள் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் போன்றவை சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும். வாங்கும்போது இன்டெல் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. இந்தப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி சிறியது, பல மாடல்களில் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. எனவே தனி மின்இணைப்பு கேட்காத 75 வாட் கார்டுகளையே போட முடியும். ஜி.டி.எக்ஸ் 1650-ல் அப்படிப்பட்ட மாடல்கள் உண்டு. சிறிய கேபினெட் என்றால் உயரம் குறைந்த கார்டா என்றும் கேளுங்கள்.

உள்கிராபிக்ஸ் டெஸ்க்டாப்: ரைசன் 5 8600 ஜி, ரைசன் 7 8700 ஜி போன்ற பிராசஸர்களில் ஓரளவு வலுவான கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. டிரக், சிம்ஸ், முதல் ஸ்கைலைன்ஸ் எல்லாம் இதில் ஆடலாம். பின்னால் பணம் சேரும்போது கார்டு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு ராம் பட்டைகள் கட்டாயம். உள்கிராபிக்ஸுக்குத் தனி நினைவு கிடையாது, ராமையே அதுவும் பயன்படுத்துகிறது.

கேமிங் லேப்டாப்: விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கும் அடிக்கடி ஊர் மாறுபவர்களுக்கும் இதுவே வழி. இங்கே பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஆர்.டி.எக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட் முதல் 115 வாட் வரை வெவ்வேறு மாடல்களில் வெவ்வேறு மின்திறனில் வருகிறது. ஒரே பெயர் தாங்கிய இரண்டு லேப்டாப்புகளின் வேகம் அதனால் பெரிதும் வேறுபடும். கார்டின் வாட் அளவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுங்கள். பிராசஸர் பெயரின் இறுதியில் யு என்று இருந்தால் அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வகை. எச் அல்லது எச்.எக்ஸ். வகையே சிமுலேஷனுக்கு ஏற்றது. ராம் பிறகு கூட்டிக்கொள்ளும்படி உள்ளதா, போர்டிலேயே ஒட்டப்பட்டதா என்றும் பாருங்கள்.

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்: இடமும் ஒரே ஊரில் இருக்கும் வசதியும் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்த முதலீடு இல்லை. நடுத்தர நிலைக்கு ரைசன் 5 7600, 32 ஜி.பி. ராம், 8 ஜி.பி. அல்லது 12 ஜி.பி. நினைவுள்ள கார்டு, 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் புத்தகம் பேசும் ஏறக்குறைய எல்லா விளையாட்டையும் 1920க்கு 1080 திரையில் இது நடத்திக் காட்டும். பெரிய நகரமோ முழுத் தொழிற்சாலையோ விமானமோதான் உங்கள் உயிர் என்றால் பிராசஸரை 7800 எக்ஸ்3டி அல்லது 9800 எக்ஸ்3டி-க்கு உயர்த்துங்கள். முதல் தலைமுறை ரைசன் வாங்கிய பலரிடம் ஏ.எம்.4 மதர்போர்டு இன்னும் இருக்கும். பயாஸ் புதுப்பித்தால் அவற்றில் பல 5700 எக்ஸ்3டி போன்ற பிராசஸரை ஏற்கும். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்ட நல்ல வழி இது.

மேக்: எக்ஸ்-பிளேன், ஃபேக்டோரியோ, சிம்ஸ் 4, யூரோ டிரக் ஆகியவை மேக்கில் ஓடும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கும் இரண்டாம் ஸ்கைலைன்ஸுக்கும் மேக் பதிப்பு இல்லை. 2020 இறுதி முதல் வந்த ஆப்பிள் சிப் மேக்குகளில் விண்டோஸைத் தனியாக நிறுவும் பூட் கேம்ப் வசதியும் கிடையாது. வேலைக்காக ஏற்கெனவே மேக் வைத்திருப்பவர் அதில் ஓடுவதை மகிழ்ச்சியாக ஆடலாம். ஆடுவதற்காகவே மேக் வாங்குவது சரியான தேர்வாகாது.

ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கணினி: 2022-ல் வந்த ஸ்டீம் டெக், டிரக் ஓட்டவும் ரயில் தடம் போடவும் இனிமையானது. லினக்ஸ் அடிப்படையில் இயங்குவதால் சில விளையாட்டுகள் ஒத்துவராது. 7 அங்குலத் திரையில் நகரத் திட்டத்தின் சிறு எழுத்துகளைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். இரண்டாவது கணினியாக வைத்துக்கொள்ள ஏற்றது.

வெப்பம், மின்சாரம், தூசி

சிமுலேஷன் ஆடுபவர்கள் நீண்ட நேரம் உட்காருபவர்கள். சென்னை மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் நான்கு மணி நேரம் நகரம் கட்டினால், கணினி உள்ளிழுக்கும் காற்றே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். சூடு எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் இது சீக்கிரம் நிகழும். எனவே முன்பக்கம் வலை போட்ட, காற்று நுழைய வழியுள்ள கேபினெட்டை எடுங்கள். முகப்பு முழுவதும் கண்ணாடியால் மூடியது நம் வெயிலுக்கு ஏற்றதல்ல. லேப்டாப்பைப் படுக்கையில் வைத்து ஆட வேண்டாம். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்வதால் கணினியை வாரக்கணக்கில் ஓட்டாமல் மூடி வைப்பதும் நல்லதல்ல.

மின்வெட்டுக்கு யு.பி.எஸ். தேவை. கடைகளில் வழக்கமாகக் கொடுக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டுள்ள கணினியும் மானிட்டரும் சேர்ந்தால் அது விளிம்பில் நிற்கும், 1000 வி.ஏ. அல்லது அதற்கு மேல் எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதென்றால் அது ப்யூர் சைன் வேவ் வகையா என்று உறுதி செய்துகொண்டு, யு.பி.எஸ். மோடில் வையுங்கள். எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் முதல் பாதுகாப்பு. விளையாட்டில் தானியங்கிச் சேமிப்பை இயக்கி வையுங்கள்; பல வாரம் கட்டிய நகரம் ஒரு நொடி மின்வெட்டில் கெட்டுப்போகக் கூடாது.

எதை மாற்றுவது என்று கண்டுபிடிப்பது

இருக்கும் கணினி மெதுவாகிவிட்டால் புதிய பாகம் வாங்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். எதற்கும் காசு ஆகாது.

முதலில், திரைத் தெளிவை 1920க்கு 1080-லிருந்து 1280க்கு 720 ஆக இறக்குங்கள். படவேகம் நன்றாக ஏறினால் குறை கிராபிக்ஸ் கார்டில். ஏறவே இல்லை என்றால் குறை பிராசஸரில்.

இரண்டாவதாக, நகர விளையாட்டில் காலத்தை நிறுத்திவிட்டுக் கேமராவை நகர்த்துங்கள். நிறுத்தியதும் எல்லாம் சீரானால், மக்களைக் கணக்கிடும் வேலைதான் சுமை.

மூன்றாவதாக, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் 25 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டினால் அது ஓய்வாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஒரு கோர் முழுவதும் நிரம்பி, மற்றவை அதற்காகக் காத்திருக்கலாம். ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிப் பாருங்கள். அதே இடத்தில் ராம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் முதலில் ராம் வாங்குங்கள். 

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கினால், இந்த நொடியில் தடுப்பது பிராசஸரா கார்டா என்று விளையாட்டே சொல்லிவிடும்.

வாங்கும் வரிசை

விளையாட்டின் மாதிரிப் பதிப்பு இருந்தால் நண்பரின் கணினியில் ஓட்டிப் பாருங்கள். ஃபேக்டோரியோவுக்கும் யூரோ டிரக்குக்கும் இலவச மாதிரிகள் உண்டு. ஸ்டீமில் வாங்கியது சரிவரவில்லை என்றால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தைப் புதிய ஊர் தொடங்கிச் செலவிடாதீர்கள். சிறிய ஊர் எந்தக் கணினியிலும் ஓடும். வொர்க்ஷாப்பில் பிறர் பகிர்ந்த பெரிய நகரம் ஒன்றை இறக்கித் திறந்து, அதில் உங்கள் கணினி எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் நகரம் எப்படி ஓடும் என்பது அன்றே தெரிந்துவிடும்.

பிறகு செலவைப் பங்கிடுங்கள். நகரம், தொழிற்சாலை என்றால் பிராசஸர், ராம், கார்டு என்ற வரிசையில். விமானம் என்றால் பிராசஸரும் கார்டும் சம அளவில், கூடவே ராம். பந்தயம் என்றால் ஸ்டீயரிங்குக்கு ஒதுக்கியது போக மீதியில் கார்டு. எந்த வகையானாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெயர் தெரியாத மலிவுப் பெட்டி பழுதானால் மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

முழுப் பணமும் இன்று இல்லை என்றால், மதர்போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் தரமாக வாங்கி, ராமுக்குக் காலியிடம் விட்டு, பிராசஸரையும் கார்டையும் நடுத்தரத்தில் தொடங்குங்கள். சிமுலேஷனில் உலகம் ஒரே நாளில் பெரிதாவதில்லை. அது வளரும் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பாகமாகக் கணினியையும் வளர்த்துக்கொள்ள முடியும்.